காத்திருப்பு அறை

ஒன்பதுக்கு வகுப்பு. எட்டே முக்காலுக்கே
கொக்குவில் சந்திக்கு மேற்கே, டயர்க் கடையின் மேல்மாடியில்,
யன்னல் ரெண்டையும் சாத்திவிட்டு இருக்கிறேன்.
மின்விசிறி போட்டால் காதில் இரைச்சல் என்று
போன கிழமை முறைப்பாடு வந்தது.
வியர்வையைப் பற்றி ஒருவரும் முறையிடவில்லை,
கமரா கழுத்துக்கு மேலேதான் காட்டும்.

பதினேழு பேர். பதினாறு கறுப்புப் பெட்டி.
கூட்டுறவுச் சங்கத்துக் கிளைக் கடைகள்:
காரைநகர், புங்குடுதீவு, மருதங்கேணி, நெடுந்தீவு.
அரிசி, மா, மண்ணெண்ணெய் எல்லாம்
இனிக் கொப்பியில் இல்லை, கணினியில் இருக்கவேணும்.
அதைச் சொல்லிக்கொடுக்க எனக்குச் சம்பளம்.

முகம் காட்டுவது பாசையூர் எமில்டா மட்டும்,
அதுவும் நெற்றியும் ஓட்டுக் கூரையும்.
இணை நடத்துநர் ஆக்கிவிட்டேன், முதல் நாளே, ஒரு மரியாதைக்கு.
ஒருவர் தன் போனின் மாடல் பெயரிலேயே வருவார்.
நாலு நாளாய் நான் அவரை
'ஏ-பன்னிரண்டு ஐயா' என்கிறேன்,
மறுக்கவில்லை.

"விளங்குதோ?" என்று கேட்பேன்.
கிணற்றில் கல்லுப் போட்டால்
கொஞ்சம் பொறுத்தாவது ஒரு சத்தம் வரும்.
இங்கே ஒரு பெருவிரல் எழும்பும், மஞ்சளாய்,
பிறகு கரைந்துபோகும்.
விளங்கினதா, தவறிப் பட்டதா,
மடியில் இருந்த பிள்ளை அமத்தினதா?

யாரும் மைக்கை மூட மறந்தால்
வகுப்புக்குள் கடை நுழையும்.
"பருப்பு அரைக் கிலோ", தராசுத் தட்டு, காகம்.
ஒருநாள் என்னைப் பற்றியே:
"இந்தாள் கதைக்கிறதை நிப்பாட்டாது போல."
நான் கதைத்துக்கொண்டே இருந்தேன்.

இண்டைக்கு மூன்றாம் பாடம்,
இருப்பில் பிழை வந்தால் திருத்துவது.
ஸ்கிறீனைப் பகிர்ந்து
"சிவப்பாய் நிக்கிற வரியைப் பாருங்கோ"
என்று சொல்லி முடிக்க முந்தி
கரண்ட் போனது.
கீழே கொம்பிறெசர் மூச்சை விட்டு நின்றது.
மடிக்கணினியில் என் முகம்,
'பாருங்கோ'வின் 'பா'வில்
வாய் திறந்தபடி உறைந்திருந்தது.

டேட்டா போட, போனில் செயலியைத் திறக்க,
கடவுச்சொல்லை ரெண்டுதரம் பிழையாய் அடிக்க
பதினாலு நிமிசம்.

திரும்பி வந்தால்
என் வகுப்பு என்னை உள்ளே விடவில்லை.
"பொறுத்திருங்கள்.
நடத்துநர் உங்களை விரைவில் அனுமதிப்பார்."
நடத்துநர் நான்தானே!
இருட்டு அறைக்குள் அந்த வரியை
திரும்பத் திரும்ப வாசித்தேன்.
நேற்று அந்த நெடுந்தீவுப் பிள்ளையை
என் தேத்தண்ணி முடியும்வரை
இதற்குள்தான் இருத்திவைத்தேன்.

கடைசியில் எமில்டாவின் நெற்றி திறந்துவிட்டது.
ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை.
ஏ-பன்னிரண்டு கதைத்துக்கொண்டிருந்தா.
ஐயா இல்லை. மருதங்கேணிக் கிளை, சுகிர்தமலர்.
தன் பழைய கொப்பியைக் கமராவுக்கு முன்னால்
ஆட ஆடப் பிடித்திருந்தா.

"சிவப்பு வரியை அழிக்காதேங்கோ,
அழிச்சா ஓடிற்றர் கேப்பான்.
கீழை இன்னொரு வரி போட்டு
ஏன் குறைஞ்சதெண்டு எழுதுங்கோ.
ஈரம் பட்டது, எலி அரிச்சது,
கடனுக்குக் குடுத்தது."
"கடனுக்கு அதிலை இடமில்லை அக்கா"
என்றது காரைநகர்.
"அப்ப 'வேறு' எண்டதிலை போடு."

ஏழு கமரா திறந்திருந்தது. எண்ணினேன்.
ஒருவருக்குப் பின்னால் சோடாப் பெட்டி அடுக்கு.
ஒருவர் சட்டை போடவில்லை, தோளில் துவாய்.
நெடுந்தீவுப் பிள்ளை சிரிக்கேக்க
கையால் வாயைப் பொத்துது.

மைக்கைத் திறக்கப் போன விரல்
கமராவை மூடியது.
'தெ' என்ற ஒற்றை எழுத்தோடு
நானும் ஒரு கறுப்புப் பெட்டி.
யன்னலைத் திறந்தேன். வெயில், பஸ் ஹோர்ன், றப்பர் மணம்.
கையில் கிடைத்த பில்லின் பின்பக்கத்தில்
எழுதிக்கொண்டேன்: 'வேறு - கடன்.'

"சேர் வந்திட்டார் போல. சேர், நான் சொன்னது சரியோ?
விளங்குதோ?"

இந்தப் போனில் அந்தப் பெருவிரல்
எந்த மூலையில் இருக்குதென்று
எனக்குத் தெரியவில்லை.