தண்டப் பற்றுச்சீட்டு

சட்டவிரோதமாகத் தங்கிய காலம்:
இரண்டு விரல் அகலம்தான் விட்டிருக்கிறார்கள்.

பதினொரு வருடம்
நான் அதிகம் பேசவில்லை.
வாயைத் திறந்தால்
'ஏலா' என்று தூத்துக்குடி எட்டிப் பார்க்கும்.
மீன்காரனிடம் விரலால் விலை கேட்டேன்.
சோதனைச் சாவடியில்
'பொஞ்சாதி ஊமை' என்றார் பேரின்பராசா.
கடைக்குட்டி பிறந்தபோதும்
பல்லைக் கடித்துக்கொண்டேதான்.

களுவாஞ்சிக்குடிக் கந்தோரில்
எழுதுவினைஞர் கண்ணாடியை உயர்த்திப் பார்க்கிறா:
"இந்தியாவா? பேச்சு அப்படியில்லையே கா."

"இருபது வருசமாப் போச்சு கா."
யாருடைய குரல் அது?

கொழும்பில் தண்டம் கட்டிய சீட்டை
மேலே வைக்கிறேன்.
தாலிக்கொடி இன்னும் அடகில்.
என் பெயரும் இந்த ஊரும்
சேர்ந்து அச்சான முதல் தாள்.

"மூலப்பிரதியைத் தந்துட்டுப் போங்க."

அவ இழுக்கிறா.
என் கட்டைவிரல் எழும்பவில்லை.

வெளியே, போட்டோ கொப்பி பத்து ரூபாய்.