தேடிய இடங்கள்

சாங்கி பிசினஸ் பார்க், நாலாவது மாடி.
இரவு பத்து நாற்பது.
பில்ட் முதல் வரியிலேயே விழுந்துவிட்டது,
நான் எழுதிய ஒரு எழுத்தைக்கூடப் படிக்காமல்.

பிளகின் கிடைக்கவில்லையாம்.
சும்மா சொல்லவில்லை,
தேடிய இடங்களையும் சொல்கிறது:
உன் மடிக்கணினியில் பார்த்தேன்,
உலகத்துக்கே பொதுவான களஞ்சியத்தில் பார்த்தேன்,
இல்லை.

ஆனால் இருக்கிறது.
பிரவுசரில் திறந்தால்
கம்பெனிக் களஞ்சியத்தில் உட்கார்ந்திருக்கிறது,
பதிப்பு 2.3.1,
மெல்பர்னுக்குப் போவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை
சத்தியவாணி ஏற்றிவைத்தது.
பெயர் சரி, பதிப்பு சரி, புள்ளிகூடச் சரி.
அதே கிடங்கிலிருந்துதான்
நாற்பத்தேழு நூலகங்கள் தினமும் முணுமுணுக்காமல் வருகின்றன.
இதற்கு மட்டும் என்ன கேடு?

"எனக்கு ஓடுதே" என்று எழுதுகிறாள் நூர்ஹிதாயா,
பாசிர் ரிஸ்ஸிலிருந்து,
ஒரு கையால் மகனைத் தட்டித் தூங்கவைத்தபடி.
ஓடும்.
அவள் மெஷினில் பழைய பிரதி கிடக்கிறது,
தேடவேண்டிய அவசியமே அதற்கு வந்ததில்லை.

கோப்பி ஓ கொசோங் ஆறிப் பிளாஸ்டிக் பைக்குள் தொங்குகிறது.

மூன்றாம் முறை படிக்கும்போதுதான் கண்ணில் பட்டது:
தேடிய இடங்கள் இரண்டே இரண்டு.
கம்பெனியின் பெயர் அதில் இல்லவே இல்லை.
எழுதியிருப்பதைப் படிக்க ஒரு முறை போதும்,
எழுதாமல் விட்டதைப் படிக்க மூன்று முறை.

நூலகங்களைத் தேட ஒரு முகவரிப் பட்டியல்,
பிளகினைத் தேட வேறொன்று.
ஒன்றில் எழுதியது மற்றதன் காதில் விழாது.
சேர்த்தேன். ஓட்டினேன்.
இல்லை.

இந்த முறை கதவு வரை போயிருக்கிறது.
பில்டின் டோக்கனுக்கு அங்கே அனுமதி கிடையாது.
அனுமதி இல்லை என்று சொன்னால்
உள்ளே ஏதோ இருப்பது தெரிந்துவிடும் என்று
களஞ்சியம் நாசூக்காக
அப்படி ஒன்றே இல்லை என்றிருக்கிறது.
நூர்ஹிதாயா திறந்துவிட்டாள், ஒரே கிளிக்.
ஓட்டினேன்.
இல்லை.

இப்போது அது கேட்கக்கூட இல்லை.
ஏற்கெனவே வாங்கிய 'இல்லை'யை
ஒரு சின்னக் கோப்பில் குறித்துவைத்துக்கொண்டு
நாளை வரை அங்கே போவதாய் இல்லை.
கதவு திறந்து கிடக்கிறது,
இதுவோ வீட்டிலேயே இருந்துகொண்டு
பூட்டியிருக்கிறது என்கிறது.

சிரிப்பு வந்தது.
போன வருடம் எனக்கும் வந்தது,
குடிநுழைவு ஆணையத்திலிருந்து.
நிரந்தரவாசம் இல்லை, நாலு வரி.
எங்கே தேடினார்கள், எதைக் காணோம்,
ஒரு பட்டியலும் இல்லை.
மறுபடி விண்ணப்பிக்கலாமே என்றார்கள் ஆபீஸில்.
பார்க்கலாம் என்றேன்.
பார்க்கவில்லை.

கோப்பை அழித்தேன்.
இறங்கத் தொடங்கியது, வரிவரியாக,
2.3.1, பதினோரு கிலோபைட்,
இவ்வளவுதானா நீ.
அடுத்த நிமிடம் ஒரு டெஸ்ட் விழுந்தது.
அது நாளைய பாடு.

விளக்குகள் தாமாக அணைந்தன.
அசைவு இல்லையென்றால்
ஆள் இல்லை என்பது இந்த மாடியின் கணக்கு.
இருட்டில் திரை மட்டும் எரிகிறது,
எக்ஸ்போவிலிருந்து கடைசி ரயிலுக்கு
இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது.

கையைத் தூக்கி ஆட்டினேன்.
எரியவில்லை.
எழுந்து நின்று
இன்னொரு முறை ஆட்டினேன்.