மஞ்சள் விளக்கு

எக்ஸாஸ்ட் மாற்றிய மறுநாளே
டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு.
கலவையில் காற்று அதிகம், எண்ணெய் போதாது
என்றது ஆக்சிஜன் சென்சார்.
காடியோ என் ஓவர்டைம் முழுவதையும்
குடித்துக்கொண்டிருந்தது.

பொய்யன் என்று கழற்றி
மைலோ டின்னில் எறிந்தேன்.
நூற்றுத் தொண்ணூறு வெள்ளிக்குப் புதுசு.
சிலிம் ரிவர் ரயில் நிலையம் தாண்டவில்லை,
மறுபடி மஞ்சள்.

ஒயரை உரித்தேன்.
மீட்டர் வைத்தேன்.
மூன்று ஞாயிறு காடிக்கடியில் அட்டை விரித்துப் படுத்தேன்.

செம்பனை ஆலையில் பாய்லர் பார்க்கும் தவமலர்
இரவு ஷிப்ட் முடிந்து
சட்டையெல்லாம் எண்ணெய்ப் புகை மணக்க வந்து நின்றாள்.
என் கால்களைப் பார்த்துக் கேட்டாள்:
"அது சொல்றது நிஜமா இருந்தா?"

காலை ஏழு மணி. இஞ்சின் இன்னும் சூடேறவில்லை.
புகைவாயை ஈரச் சாக்கால் அவள் அமுக்க
சவுக்காரத் தண்ணீர் தெளித்துக்கொண்டே போனேன்.
வளைவில் ஒன்றுமில்லை.
ஃபிளாஞ்சில் ஒன்றுமில்லை.
சென்சாருக்கு ஒரு சாண் முன்னால்
கொப்புளம்.
உடைந்து, மறுபடி ஊதி, உடைந்து.

ஆ செங் பட்டறையில் கண்ணாடி மாட்டாமல்
கண்ணைச் சுருக்கி
நானே பற்றவைத்த இடம்.

ஒவ்வொரு துடிப்புக்கும்
நம் தாமான் காற்றைக் கொஞ்சம் உள்ளிழுத்திருக்கிறது.
அதைத்தான் அது முகர்ந்தது.
முகர்ந்ததைச் சொன்னது.

அடைத்துவிட்டேன்.
புதுசைக் கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டாராம்.
பள்ளம் வரும்போதெல்லாம்
பின்சீட்டுக்கடியில் மைலோ டின் கிலுங்குகிறது.
தவமலர் ரேடியோவைச் சின்னதாக்கிவிட்டு
என்னைப் பார்க்கிறாள்.