பள்ளிகொண்டாவுக்கு இரண்டு

பெட்டிக்கும் சேர்த்து எடுக்கணும் என்றார் கண்டக்டர்.
எடுத்தேன்.
ஜன்னலோரம் அது, பக்கத்தில் நான்.
"இன்னாமா உள்ளே, ஆர்மோனியமா?"
"ஹெலிகாப்டர்."
விசிலை வாயில் வைத்துக்கொண்டே அவர் சிரித்துவிட்டதால்
ஏற வேண்டியவர்கள் ஏறும் முன்பே
பஸ் கிளம்பிவிட்டது.

மேல்விஷாரத்தில் ஷூவுக்கு அட்டை வெட்டும் நவ்ஷாத்
மிஞ்சிய நுரைத் துண்டுகளை ஒட்டி
அதன் உடம்பை அளந்து குடைந்து தந்திருக்கிறான்.
வாலுக்கு ஒரு வாய்க்கால்,
கால்களுக்கு இரண்டு பள்ளம்.
இறக்கைகளைப் பின்னால் மடித்து
ரப்பர் கவ்வியில் பூட்டினேன்.
மூக்கு மூடி தனியாக, பழைய துப்பட்டாவில்.
பேட்டரி மட்டும் என் மடியில்,
பாலாற்று மணல் பாதி நிரப்பிய தகர டப்பாவில்.
எஞ்சின் மூடி மேல வைம்மா என்றார் டிரைவர்.
மே மாத வேலூரில்
அதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

நேற்று ராத்திரி ஒவ்வொரு திருகாகப் பார்த்தேன்.
இரும்பில் இரும்பு இறங்கும் இடமெல்லாம்
நீலப் பசை ஒரு சொட்டு,
இல்லை, அரைச் சொட்டு.
அச்சுக்கம்பியைக் கண்ணாடியில் உருட்டினேன்,
தள்ளாடாமல் ஓடியது.
வால் பட்டை விரலுக்குக் கொஞ்சம் இணங்க வேண்டும்,
ரொம்ப இணங்கக் கூடாது.
(கல்யாணத்தன்று எனக்கும் இப்படி ஏதோ சொன்னார்கள்.)
பகலெல்லாம் தோட்டப்பாளையத்தில் பல்செட் செய்கிறவள் நான்.
முடிக்காமல் கொண்டுவந்த யாரோ ஒருவரின் தாடை
மேசை மூலையில் வாய் திறந்து
பார்த்துக்கொண்டிருந்தது.

பொய்கை மாட்டுச் சந்தைக் கூட்டத்தில்
டிரைவர் போட்ட பிரேக்.
தோள் முன்சீட்டுக் கம்பியில் இடித்தது,
கை பெட்டியை விடவில்லை.
"கொழந்தைக்கு அடி கிடி பட்டுச்சா?"
பின்சீட்டில் ஒரு குரல்.

ஆறு இருக்க வேண்டிய இடத்தில்
மணல், முள், பாட்டில் மூடிகள்.
தண்ணீர் வந்தால் எனக்கு மைதானம் கிடையாது.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

திறந்தேன்.
ஊர்ப் பெயரை நம்பிப் பள்ளிகொண்டிருந்தது.
ஒரு மூட்டு கழன்றிருந்தது, அழுத்தினேன், டக்.
நகத்தை வைத்துப் பெரிய பற்சக்கரத்தைச் சுற்றினேன்.
டிக் டிக் டிக் டிக்
டிக் டிக்
ஓரிடத்தில் சத்தமில்லை.
நூற்றைம்பதில் ஒரு பல்.

என்னிடம் வருகிறவர்கள்
கடைவாய்ப் பல் போய்ப் பத்து வருஷம்
மறுபக்கம் ஒதுக்கி ஆட்டுக்கறி தின்றவர்கள்.
இதற்கு அந்தச் சலுகை இல்லை.
நிமிஷத்துக்கு இரண்டாயிரம் சுற்று சுற்றுகிற ஒன்றுக்கு
மறுபக்கம் என்று எதுவும் கிடையாது.
மாற்றுச் சக்கரம் இருக்கிறது,
சத்துவாச்சாரியில், மேசை இழுப்பறையில்,
பல்பொடி டப்பாவில்.

ஆடு மேய்க்கிற இரண்டு பையன்கள்
குந்திக் காத்திருந்தார்கள்.
"எப்பக்கா பறக்கும்?"
"இன்னிக்கி இல்ல."
ஒருவன் டவுசர் மணலைத் தட்டி எழுந்தான்.
இன்னொருவன் என்னை நம்பவில்லை.
பெட்டியை மூடிய பிறகும்
மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும்போதும் இரண்டு டிக்கெட்.
அதே கண்டக்டர்.
"பறந்துச்சா?" என்று கேட்டார்.
என் முகத்தைப் பார்த்து
சில்லறையைச் சரியாக எண்ணித் தந்தார்.

பறக்காத நாளில் பேட்டரிதான் பிரச்சினை.
முழுசாக நிரம்பிய வயிற்றோடு கிடந்தால் உப்பிவிடும்,
பாதியாக இறக்க வேண்டும்.
பழைய ஆட்டோவின் இண்டிகேட்டர் பல்பைக் கோர்த்தேன்,
பக்கத்தில் மீட்டர், கீழே மணல்.
ஆற்றுக்கு மேல் ஆறு நிமிஷம் இரைந்திருக்க வேண்டியது
மேசையில் ஒரு மணி நேரம்
சத்தம் போடாமல் எரிந்தது.
அதன் மஞ்சளில் சக்கரத்தைக் கழற்றி
புதியதை மாட்டினேன்,
நகத்தை வைத்துச் சுற்றினேன்,
எங்கும் நிற்காமல் வந்தது.

தெரு முழுக்கக் கரண்ட் போயிருந்தது
எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான்
தெரிந்தது.