எந்தக் கால்

புதுவயலில் ஓர் அரிசி ஆலையின் களம்.
காய்ந்த நெல்லை ஓரமாய் ஒதுக்கிவிட்டு
மேடை போட்டிருந்தோம்.
பலகைக்கு அடியில் தவிட்டு மூட்டைகள்.
நாங்கள் விழ விழத் தையல் விட்டுத்
தவிடு புகையாய் எழும்பும்,
முன்வரிசை தும்மும்.
தும்மலில் பொய் கிடையாது.

மேடையில் என் பெயர் கருந்தேள்,
ரேஷன் அட்டையில் சோலையப்பன்.
வேலை, தோற்பது.
பன்னிரண்டாவது நிமிடம்
அடைக்கலம் இரும்பு நாற்காலியை மடக்கி
என் இடது முழங்காலில் வைப்பான்.
வைப்பான் என்றுதான் சொல்ல வேண்டும்.
ஓசை பலகையினுடையது,
அலறல் என்னுடையது,
அடி எங்கே என்று கேட்காதீர்கள்.

டிக்கெட் நாற்பது ரூபாய்.
நிஜம் என்று நம்பி ஒருவரும் வருவதில்லை.
செல்போனில் அமெரிக்காக்காரன்
மேஜையோடு உடைவதைப் பார்த்தவர்கள்.
கொஞ்ச நேரம் நம்ப விடேன்
என்று கேட்டுத்தான் வருகிறார்கள்.

அதனால் நாற்காலிக்குப் பிறகுதான் தொழில்.
மற்றவர்கள் காலை ஒரு நிமிடம் உடைத்துக்கொள்வார்கள்,
மூன்றாம் நிமிடம் மறந்துபோய்
மூலைக் கம்பத்தில் ஏறிக் குதிப்பார்கள்.
நான் முகம் கழுவப் போகும்போதும் நொண்டுவேன்.
பரோட்டாக் கடையில்
காலை நீட்டித்தான் உட்காருவேன்.
காரைக்குடி பஸ்ஸில் ஒருமுறை
வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி
எழுந்து இடம் கொடுத்தாள்.
உட்கார்ந்தேன்.
அந்த அரை மணி நேரத்தை
யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்கு இரண்டாம் வரிசையில் ஒரு பொடியன்,
கையில் கடலைப் பொட்டலம்.
"யோவ் தேளு, அடிச்சது எடது காலு!"
குனிந்து பார்த்தேன்.
வலது காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
களம் முழுக்கச் சிரிப்பு.
வசூலில் பாதிக்குப் பேசியிருந்த
ஆலைக்காரர் வள்ளியப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

சிரிப்பை அடைக்க வேண்டும்.
பேசிவைக்காத ஒன்றைச் செய்தேன்.
அடைக்கலத்தைத் தூக்கினேன், நூற்றிரண்டு கிலோ.
ஒற்றைக் காலில் தூக்குவதாய்க் காட்டப்போய்
உண்மையிலேயே ஒற்றைக் காலில் நின்றுவிட்டேன்.
அவன் தோள் முதலில் இறங்கியது,
மூட்டை இல்லாத இடத்தில்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு.
விழுந்ததும் கையைப் பிடிப்போம்,
ஒரு அழுத்து அழுத்தினால் நலம்.
பிடித்தேன்.
அவன் விரல்கள் சும்மா இருந்தன.
கழுத்தை நெரிப்பவன்போல் காதோரம் குனிந்தேன்.
"கழண்டிருச்சு" என்றான்,
சாவியைத் தொலைத்ததைச் சொல்வதுபோல.

உருளவில்லை, கத்தவில்லை.
வெளுத்துப்போய், வாயை இறுக்கி,
ஏப்பத்தை அடக்குகிறவன் மாதிரி இருந்தான்.
"எந்திரிப்பா, நடிக்கவே தெரியல"
என்றது கூட்டம்.
பின்னாலிருந்து விசில்.

ஜெயிக்க வேண்டியவன் அவன்.
நடுவர் மலைச்சாமி என்னையே பார்த்தார்.
அடைக்கலம் ஒரு கையை ஊன்றி எழுந்தான்,
மறு கை இரவல் வாங்கியதுபோல் தொங்கியது.
அவன் அடிக்கவில்லை, மூச்சு விட்டான்.
அந்த மூச்சுக்கு நான் விழுந்தேன்.
கயிற்றில் மோதித் திரும்பிவந்து
இன்னொரு தரம் விழுந்தேன்.
இடது காலை, ஆமாம் இடது காலை,
கட்டிக்கொண்டு
தகரக் கூரை அதிர அழுதேன்.
ஒன்று, இரண்டு, மூன்று.
பொடியன் எழுந்து நின்றிருந்தான்,
கடலை கீழே சிந்திக் கிடந்தது.
அவன் கண்ணில் நீர்.
தவிடாகவும் இருக்கலாம்.

காரைக்குடி அரசு மருத்துவமனை,
இரவு பதினொன்றேகால்.
கையைத் தாங்கிக்கொண்டு அடைக்கலம் முன்னால் நடந்தான்,
பின்னால் நான்.
பழக்கம்.
வார்டு பாய் சக்கர நாற்காலியோடு ஓட்டமாய் வந்து
அவனைத் தாண்டி
என் எதிரில் நிறுத்தினான்.
அடைக்கலத்துக்குச் சிரிப்பு வந்தது.
சிரித்த குலுங்கலில்தான்
முதல்முறையாகக் கத்தினான்.

சீட்டு எழுதிய நர்ஸ்
தலை நிமிராமல் கேட்டார்,
"எந்தக் காலு?"

யோசித்தேன்.