ஒரு பெண் அலறுகிறாள்

திரையின் அடியில், சதுர அடைப்புக்குள்,
வெள்ளை எழுத்தில் வருகிறது:
ஒரு பெண் அலறுகிறாள்.

எந்தப் பெண் என்று போடுவதில்லை.
எனக்குத் தெரியும்.
என் இடப்பக்கம் போர்வைக்குள் உட்கார்ந்து
மிட்டாய்த் தாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள்.

டுலூத்தில் அக்டோபர் கடைசி.
ஏரிக்காற்று வீசுவதை
ஜன்னல் கண்ணாடி நடுங்குவதில் பார்க்கிறேன்.
காது போய் ஆறு வருடம்.
வாசலில் பல் வெட்டி வைத்த பூசணிக்காய்க்கு
முதல் பனி தொப்பி போட்டிருக்கிறது.
முகமூடிப் பிள்ளைகள் மணி அடித்தால்
கூடத்தில் எனக்காக ஒரு சிவப்பு விளக்கு எரியும்.

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் முருங்கை மரம் ஏற வேண்டுமாம்.
அலறலைக் கட்டிக்கொண்டவன் நான்,
வருடத்துக்கு ஒருமுறை பரண் ஏறுகிறேன்.
அட்டைப்பெட்டியில் பதினொரு படங்கள்.
எல்லாம் கறுப்பு வெள்ளை.
எல்லாவற்றிலும் டோர்டிஸின் குரல்,
ஒன்றிலும் அவள் பெயர் இல்லை.

கலங்கரை விளக்கை விழுங்கும் நத்தை
(அந்தக் கோழை ஓட்ஸ் கஞ்சி என்கிறாள்).
செவ்வாயிலிருந்து இறங்கும் காளான்கள்,
கிழிந்த குடைத்துணியில் தைத்தவை,
மூன்றாவதின் முதுகில் ஜிப் தெரியும்.
செத்த பிறகும் கடன் வசூலிக்க வரும் பிரபு,
கையில் ரசீதுப் புத்தகத்தோடு.
நத்தையைப் பார்த்துக் கதாநாயகி வாயைத் திறப்பாள்,
உள்ளேயிருந்து என் மனைவி வருவாள்.

ஐம்பத்தேழில் அவள் அங்கே தட்டச்சுக்காரி.
நடிகைக்குத் தொண்டை கட்டிய நாளில்
ஐந்து டாலருக்குக் கூப்பிட்டார்கள்.
முதல் தடவை கொதிக்காத கெட்டில் மாதிரி வந்ததாம்.
பயந்த எதையாவது நினைத்துக்கொள் என்றானாம் ஒலிப்பதிவாளன்.
நத்தையை நினைக்கவில்லை அவள்.
அப்பாவின் சாப்பாட்டு மேசையை நினைத்தாள்.
ஏழு பேர், உருளைக்கிழங்கு, முள்கரண்டிச் சத்தம்.
யாரும் குரல் உயர்த்தாத வீடு.
அண்ணன் ஹால்வோர் ஏரியிலிருந்து திரும்பாத இரவிலும்
ஆறு பேராக உட்கார்ந்து
உப்பு மட்டும் கைமாறியது.

ஒலிமானியின் முள் கடைசிக்கோட்டில் போய் இடித்துக்கொண்டு நின்றதாம்.

அந்த ஒன்றையே
வெட்டி வெட்டி ஒட்டினார்கள் பதினொரு படத்துக்கும்.

நான் அப்போது இங்கே
தியேட்டரில் படம் ஓட்டும் பையன்.
நத்தை ஒரு வாரம், தினம் மூன்று காட்சி.
அலறல் முடிந்து எட்டாவது நொடியில்
ரீல் மாற்ற வேண்டும்.
முகம் தெரியாத அந்தத் தொண்டையை நம்பித்தான்
என் வேலை.

நாலு வருடம் கழித்து,
தேவாலயக் கூடத்தில் சனிக்கிழமை விருந்து.
ஊருக்குத் திரும்பி வந்திருந்த யாரோ ஒருத்தி
கொதிக்கும் காப்பியைக் காலில் கொட்டிக்கொண்டாள்.
கூடமே அவளிடம் ஓடியது.
என் கை மட்டும் தானாக எழுந்து
அங்கே இல்லாத புரொஜெக்டரைத் தேடியது.
ஒன்று, இரண்டு, மூன்று...
எட்டில் போய் அவள் முன்னால் நின்றேன்.

பிறகு அவள் அலறியதேயில்லை.
இரண்டு பிரசவத்திலும் பல்லைக் கடித்துக்கொண்டாள்.
என்னிடம் கோபம் வந்தால்
உப்பை என் பக்கம் நகர்த்துவாள். அவ்வளவுதான்.

இன்றைக்குப் பிரபுவின் படம்.
பழைய டிவிடி, எழுத்து வராது.
படியில் ஏறுகிறான், ரசீதைக் கிழிக்கிறான்,
கதாநாயகியின் வாய் திறக்கிறது,
எனக்கு வெறும் இருட்டுக் குழி.

டோர்டிஸ் மிட்டாயைக் கீழே வைத்தாள்.
என் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்தாள்.

சுருங்கிய தோலுக்கு அடியில்
என்னவோ புறப்பட்டது.
விரல், மணிக்கட்டு, முழங்கை,
தோள்வரை ஏறியது.
எட்டு எண்ண மறந்துபோனேன்.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது,
எவ்வளவு நேரமாகவோ.
போய்க் கதவைத் திறந்தால்
படுக்கை விரிப்பைப் போர்த்திய மூன்று குட்டிப் பேய்கள்
பேயறைந்த மாதிரி நின்றுகொண்டிருந்தன.