பிறந்த திகதி

ஒன்பது வயதில் முதன்முதலாக
நான் அப்பா ஆனேன்.
கரண்ட் கொம்பனிக்காரி கேட்டாள், யார் பேசுறது?
தவராசா, என்றேன்.
பிறந்த திகதி?
பதினொன்று, மூன்று, எழுபத்திநாலு.
நன்றி மிஸஸ் தவராசா, என்றாள்.
அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.
அம்மா சிரிக்கவில்லை.

டண்டினோங்கில், ஸ்டேஷனுக்குப் பின்னால்
இரண்டு அறை வீடு.
இரவெல்லாம் கோழித் தொழிற்சாலையில் நின்றுவிட்டு
விடிய வருவார்.
போனை ஸ்பீக்கரில் போட்டுப்
பக்கத்தில் உட்காருவார்,
தான் என்ன சொல்லப்போகிறேன் என்று
கேட்க வந்தவர் மாதிரி.

வங்கியோடு சண்டை பிடித்தேன்.
வாடகைக்குத் தவணை கேட்டுக் கெஞ்சினேன்.
விசாக் கந்தோரில் காத்திருக்கச் சொல்லி
நாற்பது நிமிடம் பியானோ வாசித்தார்கள்.
பிறகு, இன்னும் முடிவில்லை.
கெதியில வருமாம் அப்பா, என்றேன்.
இப்படித் திருப்பிச் சொல்ல
எங்கே பழகினேனோ தெரியாது.

பதின்மூன்றில் குரல் உடைந்தது.
அதற்குப் பிறகு யாரும் மிஸஸ் சொல்லவில்லை.
பேசத் தொடங்குமுன் அவர் செருமும் செருமலும்
கேட்காமலே வந்து சேர்ந்தது.

ஒரு வியாழன் பள்ளிக்கூடத்திலிருந்து மிஸ் பெட்ரோவிச்.
மிஸ்டர் தவராசா, உங்கள் மகனைப் பற்றி.
செருமினேன். சொல்லுங்கோ.
நல்ல பிள்ளை, பொறுப்பு.
இடைவேளையில்தான் ஒருவரோடும் சேருவதில்லை,
வாங்கில் இருந்து மணி பார்த்தபடியே இருக்கிறான்.
வீட்டில் எப்படி? ஹாப்பியா?

அப்பா உள்ளி உரித்துக்கொண்டிருந்தார்.
ஓம், நல்ல ஹாப்பி, என்றேன்
அவருடைய குரலில்.

என்னவாம்?
சுற்றுலாவுக்குக் காசு கட்டட்டாம்.

தலையாட்டினார்.
உரித்த பல்லையே திரும்பவும் உரித்தார்.
தொழிற்சாலைக்காரர் பத்து வருடத்தில்
அவருக்குப் பழக்கிய சொற்கள் கொஞ்சம்.
நைஃப். குவிக். ஷிப்ட்.
டிசம்பர் கடைசியில், எல்லோரும் கைகுலுக்கும்போது,
ஹாப்பி.

அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.
அடுத்த கிழமை லெபராக் கடையில்
சிம் கார்டை அவரே வாங்கினார்.
அரை மணித்தியாலம் எடுத்தது. நான் வெளியே நின்றேன்.

பதினாறில், கார் பழகும் அனுமதிக்கு
கவுண்டரில் நிற்கிறோம்.
பெயர்?
சொன்னேன்.
பிறந்த திகதி?
பதினொன்று, மூன்று...
அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.
எனக்கு அதற்கு மேல் வரவில்லை.

பின்னால் ஒரு செருமல்.
ட்வென்ட்டி. ஆகஸ்ட், என்றார் அப்பா.
வருடம் அவசரத்தில் தமிழில் வந்தது.
அவள் என்னைப் பார்த்தாள், மொழிபெயர்க்கச் சொல்லி.

நான் பேசாமல் நின்றேன்.
அவரே சொல்லட்டும்.